அடிக்கும் முன் மூன்று கேள்விகள்

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



வெள்ளிவிழாக் கூட்டம் அல்லவா, சாமியார் கோயில் கட்டிய வரலாற்றைப் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைச் சொல்ல என்னிலும் தகுதியுள்ள பெரியவர்கள் மேடையிலே இருக்கிறார்கள். நான் உங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பாவசங்கீர்த்தனம் கேட்கிறவனும் சில வேளை அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தேன். அங்கே ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பீடச் சிறுவன் ஒருவன். காலைத் திருப்பலியில் எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்க வேண்டிய நேரத்தில் தூங்கி விழுந்தான். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். மூன்றாம் நாள் சக்ரீஸ்துக்கு அழைத்து, தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன். "பக்தியில்லாதவன் பீடத்துக்கு வரவேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாலையில் அவன் தாயார் வந்தார். கோபமாக வரவில்லை. "தப்பு எங்க மேலதான் சாமி. வீட்டுல இருக்கிறது ஒரே அறை. ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் டி.வி. நிக்கும். அதுக்கப்புறம்தான் பிள்ளை கண்ணை மூடுவான். காலையில வெறும் கடுங்காப்பியைக் குடிச்சிட்டு ஓடியாறான்" என்றார்.

மறுநாளே ஆளனுப்பிக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை. பின்னரும் பீடத்துக்கு வரவேயில்லை. இன்று அவன் வளர்ந்த வாலிபன். என்னைக் கண்டால் "தோத்திரம் சாமி" என்று சொல்லி விலகிப் போவான். அவன் தலைவலி அன்றே போயிருக்கும். என் விரல் முட்டியின் வலி இன்னும் போகவில்லை.

அன்பர்களே, அவனுக்குக் குறைந்தது பக்தி என்று நினைத்தேன். உண்மையில் குறைந்தது தூக்கம். இதைப் போலத்தான் நாமும் வீட்டிலே, "அடங்காதவன்", "சோம்பேறி", "மண்டையில் ஏறாதவன்" என்று பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டுகிறோம். கையை ஓங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதற்கேள்வி: பிள்ளை தூங்கினானா? 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2016-ல் பரிந்துரைத்தார்கள். காலை 6 மணிக்கு எழுகிற சிறுவன் இரவு 9 மணிக்காவது கண்மூட வேண்டும். தூக்கம் குறைந்த பெரியவர் சோர்ந்து உட்காருவார். தூக்கம் குறைந்த பிள்ளையோ பலவேளை துள்ளுவான், எரிந்து விழுவான், பாடத்தில் மனம் ஊன்ற மாட்டான். தூக்கத்தில் வாய் பிளந்து தினமும் குறட்டை விடுகிற பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் கேள்வி: சாப்பிட்டானா? தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் காலை உணவாகாது. கேழ்வரகுக் கூழோ, பழைய சோறோ, இட்லியோ, கூட ஒரு முட்டையோ சுண்டலோ போதும். 2022-ல் தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதால்தான். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை. இரத்தம் குறைந்த பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டிப் பயன் என்ன? கீரையும் பருப்பும் கொடுங்கள். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சோற்றோடு தேநீர், காப்பி கொடுத்தால் அது தடைப்படும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாம் கேள்வி: ஓடி விளையாடினானா? 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அறிவித்தது. நாமோ ஓடுகிறவனைப் பிடித்து உட்காரவைத்து, கையிலே கைப்பேசியைத் திணிக்கிறோம். சோறூட்டவும் அதே கைப்பேசி. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் குறை தீரவில்லையானால், கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும் "கவனமில்லாதவன்" என்றுதான் அடி வாங்குகிறான்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்குச் சர்க்கரை வந்தது. மருத்துவர் சொல்லித்தான் நான் வளைந்தேன். இப்போது மாலைதோறும் நடக்கிறேன். நடைக்கு யாரையாவது அழைத்தால், "நேரமில்லை சாமி" என்கிறார்கள். தகப்பன் நடந்தால் பிள்ளை கூட ஓடிவரும். தாய் கைப்பேசியை வைத்துவிட்டு விளக்கை அணைத்தால் பிள்ளையும் தூங்கும். குருமடத்தில் இரவு ஒன்பதரைக்கு மணி அடித்தால், அதிபர் முதல் புதிதாகச் சேர்ந்த மாணவன் வரை எல்லாருக்கும் அந்த மணி ஒன்றுதான். எங்களுக்கு ஒரு மணி, அதிபருக்கு வேறு மணி என்று இருந்திருந்தால் ஒருவரும் கீழ்ப்படிந்திருக்க மாட்டோம்.

கடைசியாக, கோயிலின் பங்கு. நம் திருவிழா நிகழ்ச்சிகளால் எத்தனை பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறோம்! ஆகவே பங்குப் பேரவையோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். இந்த வெள்ளிவிழாவின் கலைநிகழ்ச்சிகள் இரவு ஒன்பது மணிக்கு முடியும். ஒலிபெருக்கியும் அப்போதே நிற்கும். மறைக்கல்விப் பரிசாக மிட்டாய்ப் பொட்டலத்துக்குப் பதில் பந்தும் ஸ்கிப்பிங் கயிறும் கொடுப்போம். நாடகத்தின் கடைசிக் காட்சி போய்விடுமே என்று இளைஞர்களுக்கு என்மேல் வருத்தம். ஒரு காட்சியைச் சுருக்கலாம். பிள்ளையின் இரவைச் சுருக்கக் கூடாது.

நான் வைத்த குட்டைத் திரும்ப எடுக்க என்னால் முடியவில்லை. நீங்கள் வைக்கப்போகும் குட்டை நிறுத்த உங்களால் முடியும். இன்றிரவு ஒன்பது மணிக்குக் கோயில் மணி ஒருமுறை ஒலிக்கும். அது செபத்துக்கான மணி அல்ல. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தூங்குவதற்கான மணி.