மண்ணுக்கும் ஒரு பாஸ்புக்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், விவசாயம் செய்யும் உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். மேடைப்பேச்சு பழக்கமில்லை, அதனால் நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

பயிர்க்கடன் கேட்டு வர்ற அக்காமார் எழுதுற செலவில் உரம் ஒரு பெரிய தொகை. யூரியா இத்தனை மூட்டை, டிஏபி இத்தனை மூட்டை. ஏன் அந்த அளவுன்னு கேட்டா, "கடைக்காரர் சொன்னார்", "பக்கத்து வயல்ல போட்டாங்க"ன்னு பதில் வருது. வட்டியோட கட்டுறது நாம. அளவு சொல்றது வேற ஆள். இது எனக்குச் சரியாப் படலை.

"அதான் மண்வள அட்டை இருக்கே" என்பீங்க. 2015லிருந்து கொடுக்கிறாங்க. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம், கார அமில நிலை, உப்பு, அங்ககக் கார்பன் என்று 12 விவரம் அதில் இருக்கு. ஆனா ஒரு தடவை வாங்கி பீரோவில் வச்சுட்டா முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். ஒரு அட்டை என்பது பாஸ்புக்கில் ஒரே ஒரு வரி மாதிரி. அன்னைக்கு இருப்பு எவ்வளவுன்னு தெரியும். ஏறுதா இறங்குதான்னு தெரியாது.

அதைத் தெரிஞ்சுக்கறதுக்காகவே தலைமுறை தலைமுறையா நடக்கிற சோதனை வயல்கள் இருக்கு. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843ல் ஆரம்பிச்ச கோதுமை வயல் இன்னும் நடக்குது. அந்தக் காலத்து மண்ணையே பத்திரமா எடுத்து வச்சிருக்காங்க. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் 1909லேயே நிரந்தர உரச் சோதனை தொடங்கிட்டாங்க. ஒரு பாத்திக்கு உரமே கிடையாது. ஒண்ணுக்குத் தழைச்சத்து மட்டும், ஒண்ணுக்கு மூணு சத்தும், இன்னொண்ணுக்கு மாட்டெரு. பாத்தியை மாத்தவே கூடாது, அதுதான் சட்டம். 1972ல் அங்கேயே இன்னொரு நீண்டகாலச் சோதனை வந்தது, கேழ்வரகும் மக்காச்சோளமும் மாத்தி மாத்தி. இதே மாதிரிச் சோதனை நாட்டில் பல ஊர்களில் நடக்குது.

அதில் தெரிஞ்சதில் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்றேன். தழைச்சத்து மட்டும் போட்ட பாத்தி முதல்ல பச்சைப்பசேல்னு இருந்து போகப்போக விளைச்சல் விழுந்தது. இமாச்சலத்தில் பாலம்பூரில் மண்ணே புளிச்சு, அந்தப் பாத்தியில் ஒண்ணும் விளையாமலே போயிடுச்சு. நம்ம பக்கம் மண் பெரும்பாலும் காரத்துப் பக்கம் சாய்ந்தது, அப்படிச் சீக்கிரம் புளிக்காது. ஆனா மத்த சத்து வத்தறது இங்கேயும் உண்டு. மணிச்சத்து நேர்மாறு, போடப் போட மண்ணிலேயே தங்கிச் சேருது. அட்டையில் மணிச்சத்து 'அதிகம்'னு இருக்கிற வயலுக்கு வருஷா வருஷம் அதே அளவு டிஏபி போடறது, வீட்ல அரிசி மூட்டை இருக்கும்போது கடன் வாங்கி அரிசி வாங்கற மாதிரி. மூணு சத்தோட தொழு உரமும் சேர்த்த பாத்திதான் எல்லாத்தையும் விட நிலையா விளைஞ்சது.

ஏன் இத்தனை வருஷம் ஆகுதுன்னு ஒரு கணக்கு பாருங்க. ஒரு ஏக்கரில் அரை அடி ஆழ மண்ணோட எடை சுமார் 9 லட்சம் கிலோ. நீங்க கூடத்துக்குக் கொண்டு வர்றது அரைக் கிலோ. கார்பன் பார்க்க நான் குடுவையில் போடறது ஒரு கிராம், சில சமயம் அதுவும் இல்லை. ஆரஞ்சு நிறத் திரவமும் ஆசிட்டும் ஊத்தினா அடுப்பே இல்லாம குடுவை சுடும். அப்புறம் சொட்டுச் சொட்டா இன்னொரு திரவம் விட்டு, பச்சை நிறம் வந்ததும் நிறுத்தணும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு மாறும்.

அந்த 9 லட்சம் கிலோவில் கார்பன் 0.1 சதவீதம் கூடணும்னா 900 கிலோ கார்பன் மண்ணில் தங்கணும். ஏக்கருக்கு 5 டன் குப்பை அடிச்சாலும் அதில் பாதி ஈரம். மிச்சத்திலும் பெரும்பகுதி நம்ம வெயிலுக்கு மக்கிக் காத்தோட போயிடும். அதனால போன வருஷம் 0.42, இந்த வருஷம் 0.47ன்னா சந்தோஷப்பட அவசரம் வேண்டாம். மண் எடுத்த இடம் மாறியிருக்கலாம். நாலஞ்சு தடவை தொடர்ந்து ஏறினா நம்பலாம்.

இங்கே ஒரு அக்கா கை தூக்கிக் கேட்டாங்க: "வருஷக் குத்தகைக்கு உழுறவ எதுக்கு ஆட்டுக்கிடை போடணும்? மண்ணு நல்லானதும் நிலத்துக்காரரு வேற ஆளுக்கு விட்டுடுவாரு." நியாயமான கேள்வி. அட்டைகூட பட்டாக்காரர் பேரில்தான் பெரும்பாலும் வருது, உழுறவள் பேர் அதில் இல்லை. என்கிட்ட முழுப் பதில் இல்லை. ஆனா குழுவா குத்தகை எடுக்கும்போது மூணு வருஷம், அஞ்சு வருஷம்னு எழுதி வாங்கலாம். எடுக்கிற அன்னைக்கு மண் எப்படி இருந்ததுன்னு அட்டையை ஒப்பந்தத்தோட சேர்த்து வைக்கலாம். பேச்சுவார்த்தையில் கையில் காகிதம் இருந்தா ஒரு தெம்பு.

இன்னொண்ணு, பரிந்துரை ஹெக்டேருக்கா ஏக்கருக்கான்னு பார்த்துக்கங்க. ஒரு ஹெக்டேர் ரெண்டரை ஏக்கர். மாத்திப் படிச்சா ரெண்டரை மடங்கு உரக்காசு போச்சு.

கூட்டமைப்பிடம் நான் கேட்கிறது ஒரு நோட்டு. சேமிப்புக்குப் பேரேடு வைக்கிற மாதிரி, சர்வே எண் வாரியா மண் கணக்கு. அறுவடை முடிஞ்சு, அடுத்த உரம் போடறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு தடவையும் அதே வயல், அதே ஆழம். வரப்போரம், மரத்தடி, குப்பை கொட்டின இடம் வேண்டாம். பத்துப் பதினஞ்சு இடத்தில் 'வி' மாதிரி குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி, கலந்து, நாலாப் பிரிச்சு எதிரெதிர் பாகத்தைத் தள்ளித்தள்ளி அரைக் கிலோ ஆக்கணும். நிழல்ல காய வைங்க. உரச்சாக்கில் மட்டும் போடாதீங்க.

சித்திரையில் வயல் காலியா இருக்கும்போது ஊருக்கு ஒரு நாள் வர்றேன். பழைய அட்டை இருந்தா எடுத்து வைங்க. கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லை, நம்பர் தெரிஞ்சா போதும்.