கேமராவின் முன் நின்றவர்களும் மனிதர்கள்தாம்



புகைப்படம் பொய் சொல்லாது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அறிவியல் அறிஞர்களும் தொடக்கத்தில் அப்படித்தான் நம்பினார்கள். 1843-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் அம்மையார் கடற்பாசிகளை ரசாயனம் பூசிய தாளின்மேல் வைத்து, வெயிலில் காட்டி, நீலநிறப் படங்களாக்கி வெளியிடத் தொடங்கினார். கையால் வரைய அரிதான மெல்லிய இழைகள்கூட அவற்றில் பதிந்தன. அறிவியலுக்கு அது பெரிய கொடை.

ஆனால், கடற்பாசியைப் போலவே மனிதனையும் பதிவு செய்யலாம் என்று சிலர் எண்ணினார்களே, சிக்கல் அங்கேதான் பிறந்தது.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பேராசிரியர் லூயி அகாசி, மனித இனங்கள் தனித்தனியே தோன்றியவை என்று வாதிட்டவர். அதற்குச் சான்று தேடினார். அவருக்காக 1850-இல் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் அடிமைகளாக இருந்த ஐந்து ஆண்களையும் இரண்டு பெண்களையும் ஜோசப் சீலி என்பவர் படமெடுத்தார். வெள்ளி பூசிய செப்புத் தகடுகளில் பதிந்த படங்கள் அவை. ஆடை களையப்பட்ட நிலையில் அவர்களை நிறுத்தினார்கள். ரெண்டி என்ற தந்தையும் டெலியா என்ற மகளும் அவர்களில் அடக்கம். மறுக்கும் உரிமை அவர்களுக்கு ஏது?

அந்தப் படங்கள் எதையும் நிரூபிக்கவில்லை. முகத்தையும் உடலையும் கேமரா காட்டியது. முடிவை அகாசி முன்பே எழுதி வைத்திருந்தார். மனித குலம் ஒன்றே என்று பிற்கால அறிவியல் உறுதி செய்தது.

மறக்கப்பட்டுக் கிடந்த அப்படங்கள் 1976-இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்தில் கண்டெடுக்கப்பட்டன. தாம் ரெண்டியின் வழித்தோன்றல் என்று கூறிய டமாரா லேனியர், அவற்றைக் கேட்டு 2019-இல் வழக்குத் தொடுத்தார். படங்களின் உரிமை அவருக்கு இல்லை, ஆனால் மன வேதனைக்காக வழக்காடலாம் என்று 2022-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025-இல் சமரசம் ஏற்பட்டது. படங்களைத் தென் கரோலினாவில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்திற்கு வழங்க ஹார்வர்ட் இணங்கியது.

நேயர்களே, இன்று எல்லாரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. தைப்பூசத்தில் அலகு குத்தியவரின் முகத்தருகே அதை நீட்டுகிறோம். முதியோர் இல்லத்தில் தாத்தா சாப்பிடுவதைப் படமெடுத்துப் பரப்புகிறோம். கேமராவோடு பிழைப்பு நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: படமெடுக்கும் முன் அவருடைய பெயரைக் கேளுங்கள், அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் கருவியைக் கீழே இறக்குங்கள். ரெண்டிக்கும் டெலியாவுக்கும் கிடைக்காத மரியாதை அது.