வேகக் காமிராவும் ஓட்டுநர் மனமும்

(இளம் அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் சட்டத்தைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் பேசுகிறோம். அச்சட்டத்திற்கு உட்பட்டு, அக்கருவியின் முன்னால் வண்டி ஓட்டிச் செல்பவர் என்ன நினைக்கிறார் என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பற்றியே சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். உங்களில் பலர் நாளை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்களில் அமரப் போகிறீர்கள். எந்தச் சாலையில் எவ்வளவு வேகம், எந்த இடத்தில் காமிரா என்ற முடிவுகளில் உங்களுக்கும் பங்கு இருக்கும். அம்முடிவுகளை மக்கள் மனமொப்பி ஏற்கிறார்களா, அல்லது இன்னொரு வரியாகக் கருதி ஏய்க்கப் பார்க்கிறார்களா என்பதைப் பொறுத்தே அவற்றின் பயன் அமையும்.

இழப்பின் அளவு

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் மாண்டனர். நாள் ஒன்றுக்கு 460 பேருக்கு மேல் என்று கணக்காகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, இம்மரணங்களில் 71 சதவிகிதத்திற்கு மேற்பட்டவை அதிவேகத்தால் நேர்ந்தவை. காவல் நிலையப் பதிவில் ‘அதிவேகம்’ என்று எழுதிவிடுவது எளிது. சாலை அமைப்பிலுள்ள குறைகள் அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோவதும் உண்டு. அதற்கு இடமளித்துப் பார்த்தாலும், வேகமே முதற் காரணம் என்ற முடிவு மாறுவதில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த நல்ல சாலையில், ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து முழுமையாக நிற்பதற்கு ஏறத்தாழ 37 மீட்டர் ஓடும். அதே கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஏறத்தாழ 58 மீட்டர் ஓடும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், நிற்கும் தூரம் பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. சராசரி வேகம் ஒரு சதவிகிதம் உயர்ந்தால் மரணம் விளைவிக்கும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவிகிதம் உயர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மாண்டவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2022-இல் உயிரிழந்தோரில் 44.5 சதவிகிதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள், 19.5 சதவிகிதத்தினர் பாதசாரிகள். அதாவது, மூவரில் இருவர் தம்மைச் சுற்றி இரும்புக் கூடு ஏதும் இல்லாதவர்கள்.

ஓட்டுநரின் கணக்கு

முப்பது கிலோமீட்டர் தூரத்தை 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க அரை மணி நேரம் ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இருபத்திரண்டரை நிமிடம். மிச்சமாகும் ஏழரை நிமிடம் ஓட்டுநரின் கையில் உடனே கிடைக்கிற ஆதாயம். விபத்தோ, என்றோ ஒரு நாள் நேரக்கூடியது. நூறு முறை வேகமாகச் சென்று நூறு முறையும் பத்திரமாக வீடு திரும்பியவருக்கு, அனுபவம் தவறான பாடத்தையே கற்பிக்கிறது. தம் திறமையே தம்மைக் காத்தது என்று அவர் நம்பத் தொடங்குகிறார். பல நாடுகளில் பெரும்பாலான ஓட்டுநர்கள் தம்மைச் சராசரிக்கு மேற்பட்ட திறமைசாலிகளாகவே மதிக்கிறார்கள். ஆகவே, வேக வரம்பு என்பது மற்றவர்களுக்காக ஏற்பட்டது என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது.

பொருளாதாரம் பயின்றவர்கள் இங்கே ஒரு பழைய உண்மையை அடையாளம் காண்பார்கள். ஆலைக் கழிவை ஆற்றில் விடும் முதலாளிக்கு இலாபம்; நஷ்டம் கீழ்க்கரையில் உள்ளவருக்கு. வேகமும் அப்படிப்பட்டதே. நேரம் மிச்சமாவது காரில் இருப்பவருக்கு. ஆபத்தின் பெரும்பகுதி சாலையைக் கடக்கும் பள்ளிக் குழந்தைக்கும் சைக்கிளில் செல்லும் தொழிலாளிக்கும். இந்த வெளிவிளைவின் செலவில் ஒரு பகுதியையேனும் அதை உண்டாக்குபவர் மீது சுமத்துவதே அபராதத்தின் நோக்கம்.

லாரி ஓட்டுநரின் நிலை வேறு. குறித்த நேரத்தில் சரக்குச் சேரவேண்டும் என்று உரிமையாளர் வற்புறுத்துகிறார். கூடுதல் நடைக்கே கூடுதல் வருவாய். காமிரா படம் பிடித்தால் நோட்டீஸ் செல்வதோ பதிவு பெற்ற உரிமையாளருக்கு. அவர் அத்தொகையை ஓட்டுநரின் சம்பளத்தில் கழித்துக்கொண்டு, கால அட்டவணையை மட்டும் மாற்றாமல் விட்டால், வேகத்திற்கான காரணம் அப்படியே நின்றுவிடுகிறது.

மூன்று முறையீடுகள்

வேகக் காமிராக்களை எதிர்ப்போர் சொல்லும் காரணங்களை மூன்றாகப் பிரிக்கலாம். அவற்றை வெறும் சாக்குப் போக்கு என்று தள்ளிவிடுவது நிர்வாகத்திற்கு அழகன்று.

முதலாவது, வரம்பே நியாயமற்றது என்பது. அகன்ற, நேரான சாலையில் திடீரென்று குறைந்த வேகம் குறிக்கப்பட்டு, காரணம் ஏதும் கண்ணுக்குத் தெரியாதபோது, ஓட்டுநர் அப்பலகையை மதிப்பதில்லை. காரணம் தெரிந்தால் நிலை வேறு. 2012-இல் திறக்கப்பட்ட 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனா விரைவுச் சாலையில், குளிர்கால மூடுபனி மாதங்களில் கார்களுக்கான வரம்பு 100 கிலோமீட்டரிலிருந்து 75 ஆகக் குறைக்கப்பட்டு வந்திருக்கிறது. முன்னே செல்லும் வண்டியே தெரியாத பனியில், அந்த வரம்பு ஏன் என்று எவரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, இது பாதுகாப்புக்கன்று, வசூலுக்கே என்பது. இந்த ஐயம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, காமிராக்களை நடத்தும் உள்ளூர் அமைப்புகள் தங்கள் செலவை அபராத வருவாயிலிருந்தே ஈடுசெய்துகொள்ளலாம். கணக்கு முறையில் இது சரியான ஏற்பாடு. ஆனால் வருவாய்க்காகவே காமிராக்கள் பெருகுகின்றன என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை. 2007-இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது.

மூன்றாவது, சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பது. சுழல் விளக்குப் பொருத்திய வாகனம் அதே காமிராவின் முன் எவ்வேகத்திலும் செல்லலாம் என்று மக்கள் கருதினால், அபராதச் சீட்டு அவர்கள் கண்ணுக்கு நீதியாகத் தோன்றாது. கேரளத்தில் 2023 ஜூனில் 726 காமிராக்கள் செயற்படத் தொடங்கியபோது எழுந்த விவாதத்தை நினைவுகூருங்கள். அவற்றுள் 675 காமிராக்கள் தலைக்கவசம், இருக்கைப் பட்டை போன்றவற்றைக் கண்காணிப்பவை. வேகத்தை அளப்பவை எட்டே எட்டு. ஆயினும் விவாதம் எதைப் பற்றி நிகழ்ந்தது? ஒப்பந்தம் முறையாக வழங்கப்பட்டதா, முக்கியப் பிரமுகர்களுக்கு விலக்கு உண்டா, இருசக்கர வாகனத்தில் தம் குழந்தையையும் அழைத்துச் செல்லும் எளிய பெற்றோருக்கு அபராதமா என்பவையே கேள்விகள். மக்கள் கேட்டது காமிராவின் நுட்பத்தைப் பற்றி அன்று; அதை நிறுவியவர்களின் நேர்மையைப் பற்றி.

கடுமையா, உறுதியா?

குற்றமும் தண்டனையும் பற்றிய பொருளாதார ஆய்வை 1968-இல் கேரி பெக்கர் வெளியிட்டார். தண்டனையின் அளவு, பிடிபடும் வாய்ப்பு ஆகிய இரண்டையும் சேர்த்தே மனிதர் எடைபோடுகிறார் என்பது அதன் சாரம். நாம் பெரும்பாலும் முதலாவதையே உயர்த்துகிறோம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அதிவேகத்திற்கு 400 ரூபாயாக இருந்த அபராதத்தை இலகு வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையிலும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையிலும் உயர்த்தியது. ஆயிரத்தில் ஒரு முறைதான் பிடிபடுவோம் என்று தெரிந்தவருக்கு 2,000 ரூபாய் அபராதமும் நடைமுறையில் 2 ரூபாய்தான்.

பிடிபட்ட பின்னும் கட்டத் தேவையில்லை என்றால் அந்த 2 ரூபாயும் இல்லை. தெலங்கானாவில் 2022 மார்ச்சில், நிலுவையிலிருந்த அபராதங்களுக்கு இருசக்கர வாகனங்களுக்கு 75 சதவிகிதம் வரை தள்ளுபடி வழங்கப்பட்டது; கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் 50 சதவிகிதம். கருவூலத்திற்குப் பணம் வந்தது உண்மையே. ஆனால் உரிய காலத்தில் முழுத் தொகையைக் கட்டியவர் ஏமாளி என்ற பாடமும் அதனுடன் சேர்ந்தே போதிக்கப்பட்டது. அடுத்த தள்ளுபடிக்காகக் காத்திருப்பவரைக் குறை கூறுவதற்கில்லை. அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே.

காமிராவின் உண்மையான சிறப்பு பிடிபடும் வாய்ப்பை அது உயர்த்துவதில் இருக்கிறது. இருளிலும் மழையிலும் அது களைப்பதில்லை, கைநீட்டுவதில்லை, முகம் பார்ப்பதில்லை. எனினும் ஓரிடத்தில் மட்டும் நிற்கும் காமிராவுக்கு ஒரு குறை உண்டு. எதிரே வருபவர் முகப்பு விளக்கை மின்னி எச்சரிக்கிறார். கைபேசி வரைபடம் முன்கூட்டியே ஒலிக்கிறது. ஓட்டுநர் காமிராவின் அருகில் பிரேக்கை அழுத்தி, அதைக் கடந்ததும் பழைய வேகத்திற்குத் திரும்புகிறார். இரண்டு இடங்களில் நேரத்தைக் குறித்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறை இதற்கு மாற்றாகும். அதில் ஒரு கணம் நடிப்பதால் பயனில்லை. முழுத் தூரமும் நிதானமாக ஓட்டியாக வேண்டும்.

சட்டம் காட்டும் வழி

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 136-ஏ பிரிவு, மின்னணுக் கண்காணிப்புக்கு வழிவகுத்தது. 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 167-ஏ விதியை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அங்கீகாரச் சான்று வேண்டும். காமிரா இருப்பதை அறிவிக்கும் பலகை வேண்டும். குற்றம் நிகழ்ந்த பதினைந்து நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று அவ்விதி வகுத்தது. இவை ஓட்டுநரின் நம்பிக்கையைக் காப்பதற்கான நிபந்தனைகள். சான்றில்லாத கருவியும் மூன்று மாதம் கழித்து வரும் நோட்டீசும் அந்த நம்பிக்கையைக் குலைத்துவிடும். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவ நிபுணர் டாக்டர் எஸ். இராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 136-ஏ பிரிவை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் கட்டளையிட்டது. ஆகவே காமிரா வேண்டுமா என்ற கேள்வி ஏறத்தாழ முடிந்துவிட்டது. எப்படி வைப்பது என்ற கேள்வியே எஞ்சி நிற்கிறது.

இதில் பிரான்சு நாட்டின் அனுபவம் இருமுகப் பாடம். அங்கே 2003 அக்டோபரில் தானியங்கி வேகக் காமிராக்கள் வந்தன. 2002-இல் 7,000-க்கு மேலிருந்த சாலை மரணங்கள் 2010-இல் 4,000-க்குக் கீழ் இறங்கின. வேறு நடவடிக்கைகளும் இதில் துணை நின்றன. எனினும் காமிராவின் பங்கு சிறிதன்று. பின்னர் 2018 ஜூலையில், கிராமப்புற இருவழிச் சாலைகளில் வரம்பு 90 கிலோமீட்டரிலிருந்து 80 ஆகக் குறைக்கப்பட்டது. தொலைதூரம் காரில் சென்று பிழைக்க வேண்டிய சிற்றூர் மக்கள், தலைநகரம் தம்மைக் கேளாமல் எடுத்த முடிவாக அதைக் கருதினர். அவ்வாண்டின் இறுதியில் எழுந்த மஞ்சள் சட்டைப் போராட்டத்தின்போது, நாட்டிலிருந்த காமிராக்களில் பாதிக்கு மேல் சேதப்படுத்தப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் உயிர்களைக் காத்த கருவியே சில வாரங்களில் மக்கள் கோபத்தின் இலக்காயிற்று.

உங்கள் கடமை

எனவே, உங்களுக்கு நான் கூற விரும்புவது சுருக்கமானது. காமிராவை வைக்குமுன் வரம்பைச் சோதியுங்கள். அது ஏன் அந்த அளவில் இருக்கிறது என்பதைப் பலகையிலேயே, அப்பகுதி மக்களின் மொழியில் எழுதுங்கள். எந்த இடத்தில் எத்தனை பேர் மாண்டனர் என்ற பதிவைக் கொண்டே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வசூல் மிகும் இடத்தைக் கொண்டன்று. ஓராண்டில் எவ்வளவு அபராதம் வந்தது, அது எந்த வளைவைச் சீர்செய்யவும் எந்தப் பள்ளிக்கு முன் நடைபாதை அமைக்கவும் செலவாயிற்று, அந்த இடத்தில் மரணங்கள் குறைந்தனவா என்பதை வெளியிடுங்கள். அரசு வாகனத்திற்கு வரும் நோட்டீசை முதலில் கட்டச் செய்யுங்கள். தள்ளுபடி என்ற பேச்சுக்கே இடங்கொடாதீர்கள்; அதற்குப் பதிலாக, தவறான நோட்டீசை எதிர்த்து எளிய மனிதர் முறையிடுவதற்கு எளிய வழி செய்யுங்கள்.

மரணங்கள் குறைந்த இடத்தில் அபராத வருவாயும் குறையும். வருவாய்ப் பதிவேட்டில் அது வீழ்ச்சியாகத் தோன்றும். மேலதிகாரி காரணம் கேட்கவும் கூடும். அந்தக் கேள்விக்கு, குறைந்த மரணங்களின் எண்ணிக்கையைப் பதிலாகத் தர உங்களால் முடியுமானால், அந்தக் காமிரா சரியான இடத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது.