சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்துதல்

(நியூ ஜேர்சியில் புதிதாக வந்த குடும்பங்களுக்கான சந்திப்பில், சிறுவர் உதைபந்தாட்டத் தொண்டர் பயிற்றுனர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே பெரும்பாலும் தரப்படுகிறது.)



முதலில் ஒரு சின்ன விசயம். நாங்கள் உதைபந்தாட்டம் என்று சொல்லுறதை இங்கே 'சொக்கர்' என்றுதான் கேட்க வேண்டும். படிவத்தில் 'ஃபுட்போல்' என்று எழுதினால், தலைக்கவசம் போட்டு முட்டி மோதுகிற வேறொரு விளையாட்டுக்குப் பிள்ளையின் பெயர் போய்விடும். சிரிக்காதேங்கோ, எனக்குத் தெரிந்த ஒரு தகப்பனுக்கு இது நடந்தது.

"எங்களுக்கு வழக்கு முடியவில்லை, பிள்ளையைச் சேர்ப்பார்களா?" என்று எல்லோரும் கேட்கிறீர்கள். 1982 இல் டெக்சாஸ் மாநில வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: குடிவரவு நிலை எதுவானாலும் பிள்ளைக்குப் பொதுப் பள்ளிக்கூடக் கல்வியை மறுக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை பள்ளி அணித் தெரிவுக்கும் போகலாம். நியூ ஜேர்சியில் அதற்கு முந்திய 365 நாட்களுக்குள் செய்த வைத்தியப் பரிசோதனைப் படிவம் வேண்டும். வைத்தியச் செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம். 19 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, குடிவரவு நிலை பாராமல், வருமானத்தை மட்டும் பார்த்து மாநிலக் காப்புறுதி கொடுக்கும் திட்டம் 2023 ஜனவரியில் தொடங்கியது. உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமா என்று எங்கள் அலுவலகத்தில் கேளுங்கோ. நகரசபையும் கழகங்களும் நடத்துகிற அணிகளில் பணம் கட்ட வேண்டி வரும். முடியாவிட்டால் கட்டணக் குறைப்பு இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கோ. பல இடங்களில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஊரில் வயதைக் குறைத்துப் போட்டுச் சின்னப் பிரிவில் விளையாட விடுகிற பழக்கம் எங்களிடம் இருந்தது. இங்கே அதைச் செய்யவே வேண்டாம். உங்கள் அகதி விண்ணப்பத்தில் ஒரு பிறந்த திகதி, கழகப் படிவத்தில் இன்னொரு திகதி என்றால், அது ஒரு கிண்ணத்துக்காக வழக்கில் வைக்கிற ஓட்டை. ஏற்கெனவே திகதியில் பிழை இருந்தால் படிவம் நிரப்ப முதல் உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கோ. வயதுக்கு ஆதாரம் கேட்டால் பிரதியைக் கொடுங்கோ, மூலப் பத்திரத்தைக் கொடுக்காதேங்கோ. வழக்குக் கடிதங்களைப் பயிற்றுனருக்குக் காட்டத் தேவையே இல்லை. பிள்ளையின் படத்தைப் பெயரோடு வெளியிட அனுமதி கேட்பார்கள், விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம்.

வந்தேறிகளின் பிள்ளைகள் பந்து அடிக்கிறது இந்த மாநிலத்துக்குப் புதிசில்லை. நியூவார்க்குக்குப் பக்கத்தில் கேர்ணி என்று ஒரு ஊர். ஸ்கொட்லாந்தில் இருந்து நூல் ஆலைக்கு வேலைக்கு வந்தவர்கள் அங்கே அணி கட்டி, 1885 இல் முதலாவது அமெரிக்கக் கிண்ணத்தை வென்றார்கள். 1950 க்குப் பிறகு அமெரிக்கா முதன்முதல் உலகக் கிண்ணத்துக்குப் போனது 1990 இல். அந்த அணியில் ஜோன் ஹாக்ஸ், ரோனி மியோலா, ராப் ராமோஸ் என்ற மூன்று பேர் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பெடியள். ராமோஸ் உருகுவே நாட்டில் பிறந்து 11 வயதில் இங்கே வந்தவர்.

சரி, ஆட்டத்துக்கு வருவம். பிள்ளையை ஆயத்தப்படுத்துறது என்றால் கன பேர் தந்திரம், ஓட்டம், உதை என்று நினைக்கிறார்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு அது இரண்டாவது. நாளைக்கு என்ன நடக்கப் போகுது என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும். நேர்காணலுக்கு முதல் சட்டத்தரணி உங்களை இருத்தி, யார் எங்கே இருப்பார், என்ன கேட்பார் என்று சொல்லித் தருகிறாரே, அதேதான்.

வியாழக்கிழமையே பயிற்றுனரிடம் மூன்று விசயம் கேட்டு வையுங்கோ: எத்தனை மணிக்கு வந்து நிற்க வேணும், எந்த நிறச் சட்டை, எத்தனையாம் இலக்க மைதானம். இங்கே ஒரே வளவில் எட்டு, பத்து மைதானம் இருக்கும். பிழையான மைதானத்தில் நின்று அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பை அடுக்கிறதைப் பிள்ளையே செய்யட்டும்: சட்டை, நீளக் காலுறை, முழங்காலுக்குக் கீழே போடுகிற காப்பு, தண்ணீர், குளிருக்கு மேலங்கி. காப்பு இல்லாமல் நடுவர் உள்ளே விடமாட்டார்.

நகை விசயம் எங்கள் ஆட்களுக்குப் பெரிய பிரச்சினை. தோடு, சங்கிலி, காப்பு, கோயில் நூல் ஒன்றும் போட்டு விளையாட முடியாது. தோட்டுக்கு மேலே பிளாஸ்ரர் ஒட்டினாலும் ஏற்கமாட்டார்கள். இது நடுவரின் பாகுபாடு இல்லை, உலகம் முழுக்க உள்ள நான்காம் விதி. மகளுக்குக் காது குத்துறதென்றால் பருவ ஆட்டங்கள் முடிந்த பிறகு குத்துங்கோ.

சாப்பாடு ஆட்டத்துக்கு இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு முதல் கொடுங்கோ. இட்லி, பாண், வாழைப்பழம் போதும். சோறும் கூடாத சாப்பாடு இல்லை. வயிறு முட்டக் கறியோடு கொடுக்காதேங்கோ, அவ்வளவுதான்.

இங்கிலீசு சரியாக வராத பிள்ளைக்கு மைதானத்துச் சொற்களை வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாம். 'மேன் ஓன்' என்றால் உன் முதுகுப் பக்கம் எதிராளி வாறான். 'ரைம்' என்றால் உனக்கு நேரம் இருக்கு, அவசரப்படாதே. என்னிடம் வந்த ஒரு பெடியன் 'ரைம்' என்று கத்தினதைக் கேட்டு, ஆட்டம் முடிந்தது என்று நினைத்துப் பந்தைக் கையில் எடுத்துவிட்டான். எதிரணிக்கு உதை கிடைத்தது, அவன் அந்த நாள் முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. பிழை என்னுடையது. எனக்கு விளங்கின சொல் அவனுக்கும் விளங்கும் என்று இருந்துவிட்டேன்.

பயிற்சிக்கு உதவ விரும்புகிற தம்பிமாருக்கு: ஊரில் எங்களுக்குச் செய்த மாதிரி மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட விடாதேங்கோ, வரிசையில் நிறுத்தாதேங்கோ. சின்னப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பந்து கொடுங்கோ. 14 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு ஃபிஃபா வெளியிட்ட 'லெவன் பிளஸ்' என்ற 20 நிமிட உடற்பயிற்சி முறை இருக்கிறது. முழங்கால், கணுக்கால் காயங்களைக் குறைக்கும். ஆட்டத்துக்கு முன் இரண்டு விசயத்துக்கு மேல் சொல்லாதேங்கோ, மூன்றாவது மூளையில் நிற்காது. 6 முதல் 8 வயதில் 4 பேர் அணி, 9, 10 வயதில் 7 பேர், 11, 12 வயதில் 9 பேர், அதற்குப் பிறகுதான் 11 பேர். 10 வயது வரை தலையால் பந்தை அடிக்கவே கூடாது, பயிற்சியிலும் கூடாது. அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 2015 இல் அறிவித்த விதி இது.

தலையில் அடிபட்ட பிள்ளை "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. வைத்தியர் சொன்ன பிறகுதான் திரும்ப மைதானம். இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் அல்லது காருக்குள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இனிக் கரையில் நிற்கிற அப்பாமார். உங்கள் சத்தம்தான் எனக்குப் பெரிய தலையிடி! பயிற்றுனர் ஒன்று சொல்ல, தகப்பன் தமிழில் இன்னொன்று கத்த, பிள்ளை நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்க்கும். போர் 2009 இல் முடிந்தது, இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளை அதைக் காணவில்லை, சரி. ஆனால் நாங்கள் திடுக்கிட்டு எழும்புறதைக் கண்டிருக்கிறது. சில பிள்ளைகள் வழியில் தடுப்பு முகாமில் இருந்திருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் உரத்துக் கத்தினால் அந்தப் பிள்ளை உறைந்துபோய் நிற்கும், அதைச் சோம்பல் என்று நினைக்காதேங்கோ. கைதட்டுங்கோ, காணும். காரில் வீட்டுக்குப் போகும்போது ஏன் அடிக்கவில்லை, ஏன் விட்டாய் என்று விசாரணை வைக்காதேங்கோ.

ஜோர்ஜியா மாநிலத்தில் கிளாக்ஸ்ரன் என்ற சின்ன ஊரில் 2004 இல் லூமா முஃப்லே என்ற பெண், கார் நிறுத்துமிடத்தில் பந்து அடித்த அகதிப் பிள்ளைகளைக் கண்டு 'ஃபியூஜீஸ்' என்ற அணியைத் தொடங்கினார். அவரும் ஜோர்தானில் இருந்து வந்து தஞ்சம் பெற்றவர். 2006 இல் அந்த ஊர் மேயர் நகரப் பூங்காவில் உதைபந்து விளையாட விடமாட்டேன் என்றார். அதையும் தாண்டித்தான் அணி நின்றது. அவர் அணியில் சேருகிறவர்கள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்: நேரத்துக்கு வருவேன், நல்லாய் நடப்பேன், உதவி தேவையென்றால் கேட்பேன். பந்தோடு பாடமும் படிப்பித்து, பிறகு பள்ளிக்கூடமே நடத்தினார். அந்தக் கடைசி வரியை, உதவி கேட்பேன் என்பதை, நானும் எடுத்துக்கொண்டேன். எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் வராது.

பயிற்றுனராக வர விரும்பினால் கழகம் உங்கள் பின்னணியைச் சோதிக்கும். சோசல் செக்கியூரிற்றி இலக்கம் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கோ, இன்னொருவருடைய இலக்கத்தைப் போட்டு மாட்டுப்படாதேங்கோ. வலை கட்டுறது, கோடு போடுறது, பந்து காவுறது என்று வேறு உதவிகள் இருக்கு. வேலை அனுமதி அட்டை வரும்வரை பயிற்சிக்கோ நடுவர் வேலைக்கோ காசு வாங்க வேண்டாம். பதினான்கு வயது மகன் நடுவராகப் போனாலும் அதே கதைதான். பெற்றோருக்கும் ஒன்று: எந்தப் பயிற்றுனரும் உங்கள் பிள்ளையோடு மூடிய அறையிலோ காரிலோ தனியே இருக்கக் கூடாது. நானும் அப்படித்தான். யாராவது அப்படிக் கேட்டால் மறுத்துவிட்டு எங்களிடம் சொல்லுங்கோ.

கோடையில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் சுற்றுப்போட்டிகள் வைப்பார்கள், மாமா, சித்தப்பா எல்லோரும் கூப்பிடுவார்கள். போகாதேங்கோ. வழக்கு நிலுவையில் இருக்க, முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வரவும் முடியாமல் போகலாம். நீதிமன்றத் தவணையும் இறுதி ஆட்டமும் ஒரே நாளில் வந்தால் தவணைக்குத்தான் போக வேணும். வராதவருக்கு, அவர் இல்லாமலே நாடுகடத்தும் உத்தரவு போடலாம். பயிற்றுனருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, "குடும்ப விசயம், வரமாட்டான்" என்றால் போதும்.

கூடத்தின் பின்பக்கம் பாவித்த சப்பாத்துகள் இரண்டு பெட்டியில் இருக்கு. ஊர் அளவை விட இங்கே இலக்கம் அநேகமாக ஒன்று கூட இருக்கும், போட்டுப் பார்த்து எடுங்கோ. பெருவிரலுக்கு முன்னால் ஒரு குமிழ் இருந்தால் அது பேஸ்போல் சப்பாத்து, அதைத் திரும்பப் பெட்டிக்குள்ளே போட்டுவிடுங்கோ.