முப்பது பாட்டும் ஒரு மாலை



மார்கழி பிறந்தால் தோட்டக் கோயில்களில் திருப்பாவை ஒலிக்கிறது. தோட்டங்களை விட்டுப் பெயர்ந்து நம்மவர் குடியேறிய நகர்ப்புறங்களிலும் அவ்வொலி தொடர்கிறது. ஆயினும் பல இடங்களில் முதற் பாட்டும் நிறைவுப் பாட்டும் மட்டுமே பாடப்பெறுகின்றன. இடையிலுள்ளவை ஏட்டளவில் நின்றுவிடுகின்றன. இதனால் நாம் இழப்பது யாது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் அருளிய திருப்பாவை 30 பாட்டுகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் எட்டடி; யாவும் ஒரே யாப்பு. ஆதலின் முப்பதையும் ஒரே மெட்டில் பாடிவிட இயலும். மனனம் செய்வதற்கு அது எளிய வழியே. ஆனால், பாட்டுக்குப் பாட்டு மாறிவரும் காட்சியும் உணர்வும் செவிக்குப் புலப்படா.

இசைமேதை அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) இக்குறையை நீக்கினார். முப்பது பாட்டுக்கும் தனித்தனியே இராகம் வகுத்து மெட்டமைத்தார். எம். எல். வசந்தகுமாரியின் குரல் அவற்றை இசைத்தட்டு வாயிலாக இல்லந்தோறும் சேர்த்தது.

அவ்வமைப்பின் நுட்பத்தைக் காண்போம். முதல் ஐந்து பாட்டுகள் நோன்பிற்கு முன்னுரை போன்றவை. தோழியரை அழைத்தல், நோன்பின் நெறி, அதன் பயன், மழை வேண்டல், இறைவன் புகழ் பாடல் என அவை அமைகின்றன. இவற்றுக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய இராகங்கள் அமைந்தன. தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளும் இதே வரிசையில் அமைந்தவையே.

ஆறாம் பாட்டு முதல் உறங்கும் தோழியரை எழுப்பும் படலம். சங்கராபரணம், பைரவி, தன்யாசி என, வாயில் மாற மாற இராகமும் மாறுகிறது. பதினைந்தாம் பாட்டு, வெளியே நிற்போரும் உள்ளிருப்பவளும் சொல்லாடுவது; அதற்கு வாய்த்தது பேகடை. கண்ணனைச் சிங்கமாகக் கண்டு எழுப்பும் 23ஆம் பாட்டுக்குப் பிலகரி. என்றும் தொண்டு செய்யும் பேற்றை வேண்டும் 29ஆம் பாட்டுக்கு, கச்சேரி நிறைவுக்கு உரிய மத்தியமாவதி. நூற்பயன் கூறும் இறுதிப் பாட்டுக்குச் சுருட்டி.

இவ்வாறு நோக்கின், முப்பதும் தனித்தனி மலர்களல்ல. ஒரு நாரில் தொடுத்த மாலை என்பது விளங்கும். இடையில் உருவியெடுத்தால் மாலை குலையும். முதலும் முடிவும் மட்டும் பாடுவோர், புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் அறிவர். நடந்த வழியை அறியார்.

ஆகவே நம் இளைஞர் மன்றங்களுக்கும் பசனைக் குழுக்களுக்கும் ஒன்று கூறுவோம். நாளுக்கொரு பாட்டாக எடுத்துக்கொள்வோம். முதலில் பொருள் விளங்க உரக்கப் படிப்போம். பின்னரே மெட்டைக் கேட்டுப் பழகுவோம். ஆலாபனை தேவையில்லை, சொல் சிதையாமல் பாடினாலே போதும். பதினைந்தாம் பாட்டைப் பிள்ளைகள் இரு அணியாகப் பிரிந்து வினாவும் விடையுமாகப் பாடட்டும். பொருள் தானே மனத்தில் பதியும்.

இசை, பாட்டைச் சுமந்து செல்லும் தேர். தேரழகில் மயங்கி உள்ளிருக்கும் தமிழை மறவாதிருப்போமாக.