கணினி எழுதும் செக்ரோல்



தோட்டத்தில் கிராணியார் செக்ரோல் எழுதுவதை நாம் அறிவோம். பெரட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று சச்சரவு எழுந்தால் அந்தப் புத்தகத்தைப் புரட்டித்தான் தீர்த்துக்கொள்வோம். கணினியும் அப்படி ஒரு செக்ரோல் எழுதுகிறது. இதை நாங்கள் ஒரு தவறு செய்த பிறகே கற்றுக்கொண்டோம்.

கிள்ளானில் நாங்கள் சில ஆசிரியர்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு பழைய கணினி உண்டு. அதில் இயங்குவது லினக்ஸ். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸின் வழியை ஒட்டி, 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது அது.

ஓர் இரவு கணினியை அணைக்காமல் வீடு திரும்பினோம். காலையில் அது புதிதாகத் தொடங்கி, கடவுச்சொல் கேட்டு நின்றது. பிள்ளைகளின் சேமிக்காத கட்டுரைகள் போய்விட்டன. முந்தின இரவு 9 மணிக்குக் கடைசியாக எழுந்துபோன பையன்மேல் பழி விழுந்தது. "நான் ஒன்றும் செய்யவில்லை, சார்" என்று அவன் அழுதான். நாங்கள் நம்பவில்லை.

பிறகுதான் பதிவேட்டைத் திறந்தோம். 'லாஸ்ட்' என்னும் கட்டளை, கணினி எப்போது தொடங்கியது, எப்போது அணைந்தது என்று காட்டும். யாராவது முறைப்படி அணைத்திருந்தால் அதற்கொரு வரி இருக்கும். புதுப்பிப்புக்காகத் தானே மறுபடி தொடங்கியிருந்தாலும் அந்த வரி இருக்கும். எங்கள் பதிவேட்டில் அது இல்லை. 'ஜர்னல்சிடிஎல்' காட்டிய விரிவான பதிவு 2:46 வரை ஓடி, சட்டென நின்றிருந்தது. அடுத்த வரி 2:49-க்கு எழுதிய தொடக்க வரி.

மின்சாரம் நின்றாலும் இப்படித்தான் அறுபடும். சூட்டினாலோ நினைவகக் கோளாறினாலோ நின்றாலும் இப்படித்தான். ஆகவே இரண்டாவது சாட்சியைத் தேடினோம். அறையிலிருந்த மின்கடிகாரம் மின்சாரம் போய் வந்தால் 12 மணியிலிருந்து தொடங்கும். காலை 7 மணிக்கு அது 4:12 காட்டியது. அப்படியானால் மின்சாரம் திரும்பியது 2:48-க்கு! மின்சாரம் வந்ததும் தானே எழும்படி கணினியில் ஏற்கெனவே அமைத்திருந்தார்கள். அதனால்தான் அடுத்த நிமிடமே எழுந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமழைக்குப் பஞ்சமில்லை. ஆகவே வேலையை அடிக்கடி சேமியுங்கள். இடி தொடங்குமுன் கணினியை முறைப்படி அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். முடிந்தால் யூபிஎஸ் என்னும் மின்கலப் பெட்டி வாங்குங்கள். மின்சாரம் போனாலும் கணினியை ஒழுங்காக அணைக்கச் சில நிமிடம் தரும்.

அந்தப் பையனிடம் வகுப்பின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம். வீட்டில் ஏதேனும் பழுதானால் பிள்ளையை அதட்டுமுன் செக்ரோலைப் பாருங்கள், நேயர்களே.