குடிக்கும் தண்ணீருக்கு மேலே எண்ணெய்த் தொட்டியா?

(தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் போனசையும் வீட்டுடைமையையும் பற்றியே பேசிப் பழகிய மேடை இது. இங்கே எண்ணெய்த் தொட்டியைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறானே, இதற்கும் சங்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. கூலி உயர்ந்தாலும், குழாயில் வரும் தண்ணீர் குடிக்க உதவாது என்றால் அந்த உயர்வு கடையில் தண்ணீர் வாங்கவே போய்விடும். ஆகவே இதுவும் நம் வயிற்றுப் பிரச்சினைதான்.

நம் தோட்டங்களைச் சுற்றிப் பாருங்கள். டிராக்டருக்கும் லோரிக்கும் ஜெனரேட்டருக்கும் டீசல் வேண்டும். அந்த டீசல் ஒரு தொட்டியிலோ டிரம்களிலோ இருக்கிறது. தோட்டத்தின் ஒரு பகுதி விற்கப்பட்டால், அங்கே பட்டறையும் மணல் குவாரியும் தொழிற்சாலையும் வருகின்றன. அவற்றுக்கும் எண்ணெய்த் தொட்டி வேண்டும். எண்ணெய் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது எங்கே இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். லோரி வந்து போக வசதியான இடமா? அல்லது ஒழுகினாலும் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேராத இடமா?

முதலில் எண்ணெயின் குணத்தைத் தெரிந்துகொள்வோம். டீசல் தண்ணீரைவிட இலேசானது, மேலே மிதக்கும். அதனால் வடித்து எடுத்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் எண்ணெயில் உள்ள சில பொருள்கள் தண்ணீரோடு கரைந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்று பென்சீன். புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிப்பட்ட பொருள். நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் போடும் குளோரின் கிருமியைக் கொல்லும், எண்ணெயை அகற்றாது. வீட்டில் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று தாய்மார்கள் நினைக்க வேண்டாம். காய்ச்சும்போது எழும் ஆவியை மூச்சில் இழுப்பதும் கெடுதலே. எண்ணெய் வாடை அடிக்கும் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது, காய்ச்சவும் கூடாது.

ஒழுகுவது சொட்டுத்தானே என்று அலட்சியம் செய்வோரும் உண்டு. சொட்டின் கணக்கு பால் வெட்டும் நமக்குத் தெரியாததா? சொட்டுச் சொட்டாக விழும் பால்தானே மங்கை நிரப்புகிறது! 40 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்கு 2 லிட்டருக்கு மேல். ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 790 லிட்டர். அதாவது, 200 லிட்டர் டிரம் நான்கு, யார் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் போய்விடும்.

நடந்த செய்திகளுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிலாங்கூர் ஆற்றில் டீசல் கலந்தது. ஆற்றோரத்தில் மணல் எடுக்கும் ஓர் இடத்திலிருந்து அது வந்தது. சுங்கை சிலாங்கூர் முதலாம், இரண்டாம், மூன்றாம் கட்ட நிலையங்களும் ரந்தாவ் பஞ்சாங் நிலையமும் ஆக நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் இலட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. அடுத்த ஆண்டே, 2020 செப்டம்பரில், ரவாங் வட்டாரத்துச் சுங்கை கோங்கில் கழிவு கலந்து, அதே நான்கு நிலையங்கள் மீண்டும் மூடப்பட்டன. 1,292 பகுதிகளுக்குத் தண்ணீர் நின்றது. வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லோரிக்குப் பின்னால் ஓடியவர்கள் யார்? பெரும்பாலும் நம்மைப் போன்ற உழைப்பாளிகளே. நாள் சம்பளக்காரர் தண்ணீருக்காக வரிசையில் நின்றால், அன்றைய கூலியை யார் கொடுப்பார்?

வெளிநாட்டில் நடந்ததையும் கேளுங்கள். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் எல்க் என்று ஓர் ஆறு. 2014 ஜனவரி 9-ஆம் நாள், அதன் கரையில் இருந்த தொட்டி ஒன்றின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. நிலக்கரி கழுவும் இரசாயனம் ஏறக்குறைய 10,000 கேலன் ஒழுகியது. தொட்டியைச் சுற்றிச் சுவர் இருந்தது; அந்தச் சுவரும் விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் எடுக்கும் இடமோ ஆற்றின் கீழே 1½ மைல் தூரத்தில்தான். ஏறக்குறைய 3 இலட்சம் மக்கள் குழாய்த் தண்ணீரைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. எட்டே நாளில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது! நஷ்டஈடு கேட்க வேண்டிய மக்கள் எங்கே போவது?

ஹவாயில் ரெட் ஹில் என்ற இடத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை மலைக்குள்ளே 20 பெரிய எண்ணெய்த் தொட்டிகளைக் கட்டியது. ஒவ்வொன்றும் 1¼ கோடி கேலன் கொள்ளும். அவற்றுக்கு ஏறத்தாழ 100 அடி கீழே தீவு மக்கள் குடிக்கும் நிலத்தடி நீர். பல ஆண்டுகளாக மக்கள் எச்சரித்தார்கள். 2021 நவம்பரில் எண்ணெய் குடிநீரில் கலந்து, கடற்படைக் குடும்பங்களில் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். அதன்பின் 2022 மார்ச்சில்தான் தொட்டிகளை மூட உத்தரவு பிறந்தது. உலகில் மிகுந்த பணமும் பொறியாளர்களும் உள்ள கடற்படையாலேயே காக்க முடியவில்லை என்றால், தவறு காவலில் மட்டும் இல்லை. தொட்டியை வைத்த இடத்திலேயே இருக்கிறது.

எல்க் ஆற்று மக்கள் இதிலிருந்து பாடம் கற்றார்கள். அதே 2014-இல் அந்த மாநிலம் தரைமேல் தொட்டிகளுக்கென்று சட்டம் செய்தது. தொட்டிகளைப் பதிவு செய்ய வேண்டும்; சோதிக்க வேண்டும். தண்ணீர் எடுக்கும் இடத்திற்கு மேலே, ஆற்றுநீர் 5 மணி நேரத்தில் வந்து சேரும் தூரம் முழுவதையும் தனிக் கவனத்துக்குரிய வட்டாரமாக வைத்தார்கள். இதைக் கவனியுங்கள். அவர்கள் எல்லையை அடிக்கணக்கில் மட்டும் அளக்கவில்லை, நேரக்கணக்கிலும் அளந்தார்கள். நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓடும் ஆறு 5 மணி நேரத்தில் 18 கிலோமீட்டர் போய்விடும். மழைக்காலத்தில் இன்னும் வேகம். கேடு வருமுன் மதகை மூட ஆட்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே அந்தக் கணக்கு.

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. பெட்ரோலியப் பாதுகாப்புக்கு 1984-ஆம் ஆண்டுச் சட்டம். சுற்றுச்சூழல் தரத்திற்கு 1974-ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்ய 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டம். சிலாங்கூரில் நீர்வள நிருவாகத்துக்கென்றே 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. ஆனால் தீ பிடிக்குமா என்று பார்ப்பவர் ஒருவர். ஆறு கெட்டபின் வழக்குப் போடுபவர் இன்னொருவர். இந்த இடத்தில் தொட்டி வரலாமா என்று முதலில் கேட்கும் அதிகாரம் ஊராட்சி மன்றத்தின் கையில் இருக்கிறது. ஆகவே நம் குரல் போய்ச் சேர வேண்டிய முதல் கதவு அதுவே.

இங்கேதான் நமக்கு ஒரு குறை இருக்கிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டுமான அனுமதி கேட்டால், அக்கம்பக்கத்து நிலச் சொந்தக்காரர்களுக்கு மன்றம் அறிவிப்பு அனுப்பும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். இது 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. நிலச் சொந்தக்காரர்களுக்கு என்கிறது சட்டம். தோட்டத்து வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தொழிலாளிக்கு நிலம் ஏது? அந்த அறிவிப்பு தோட்டக் கம்பெனிக்குப் போகும்; லயத்துக்கு வராது. நிலம் வைத்திருப்பவர் தொலைவில் உள்ள நகரத்தில் இருக்கிறார். அந்தத் தண்ணீரைக் குடிப்பவரோ இங்கே இருக்கிறார். குடிப்பவருக்குச் சொல்லாமல் அனுமதி கொடுப்பது நியாயமா?

1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், தோட்ட வீடுகளுக்கு இலவசமாகவும் போதுமானதாகவும் குழாய்த் தண்ணீர் தருவது முதலாளியின் கடமை என்கிறது. அப்படியானால் அந்தத் தண்ணீர் கெடாமல் பார்ப்பதைக் கேட்பதும் நம் உரிமையே. இது யாரிடமும் யாசிக்கும் சலுகை அல்ல.

இனி நாம் செய்ய வேண்டியவை.

முதலாவது, ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்தின் படம் ஒன்றை வரைய வேண்டும். எண்ணெய்த் தொட்டி எங்கே, ஓடை எங்கே, கிணறு எங்கே, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறிக்க வேண்டும். ஓடும் நீரின் வழி, நாள்தோறும் மரத்துக்கு மரம் நடக்கும் பால்வெட்டுக்காரருக்குத் தெரிந்த அளவு எந்த அதிகாரிக்கும் தெரியாது.

இரண்டாவது, தொட்டியைச் சுற்றி அணைச்சுவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிகப் பெரிய தொட்டி முழுவதும் கொட்டினாலும் கொண்டு, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு இடமும் மிஞ்ச வேண்டும் என்பது பொறியாளர்களின் வழக்கமான அளவு. மேலே கூரை இருக்கிறதா? நம் நாட்டு மழையில் கூரை இல்லாத அணைச்சுவர் குளமாகிவிடும். மழைநீரை வெளியேற்ற வால்வைத் திறப்பார்கள், மூட மறப்பார்கள். வால்வு திறந்து கிடந்தால் சுவர் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது கிராணிமார்களுக்கு. அளவுகோலை விட்டுப் பார்க்கும் இருப்பும் புத்தகத்தில் இருக்கும் இருப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெயிலுக்கும் குளிருக்கும் டீசல் சிறிது கூடிக் குறையும். ஆனால் மாதாமாதம் தொடர்ந்து குறைந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். எண்ணெய் குறைந்தால் லோரி ஓட்டுநரைத் திருடன் என்று சொல்வது எளிது. அதற்கு முன் தொட்டியைச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் பேனா ஒரு தொழிலாளியின் மானத்தையும் காக்கும், ஓர் ஓடையையும் காக்கும். வெளிக்காட்டு வேலைக்காரர் வேறு, ஆபீஸ்காரர் வேறு என்ற பிரிவினைக்கு இதில் இடமில்லை. இருவர் வீட்டுக் குழாய்க்கும் ஒரே ஆற்றிலிருந்துதான் தண்ணீர் வருகிறது.

நான்காவது, மன்றம் உள்ளூர்த் திட்ட நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது நம் கிளைகள் போய்ப் பார்க்க வேண்டும். குறித்த காலத்துக்குள் எழுத்தில் கருத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஒரு பாதுகாப்பு வட்டாரம் வேண்டும்; அதில் புதிய எண்ணெய்த் தொட்டி கூடாது; பழையவற்றுக்குக் காலக்கெடு வைத்து இடம் மாற்ற வேண்டும்; அனுமதி அறிவிப்பு நிலச் சொந்தக்காரருக்கு மட்டுமன்றி, அங்கே குடியிருப்போருக்கும் வர வேண்டும். இந்த நான்கையும் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள்.

இப்படியெல்லாம் கேட்டால் செலவு கூடும், வேலை போகும் என்று பயமுறுத்துவார்கள். தொட்டியை மேட்டில், ஓடைக்கு அப்பால், கூரையின் கீழ் வைப்பதால் எந்தத் தோட்டமும் மூடப்போவதில்லை. மண்ணுக்குள் போன எண்ணெயைத் தோண்டி எடுப்பதற்கு ஆகும் செலவே பெரிது. அந்தச் செலவையும் கம்பெனி திவாலானால் பொதுமக்களே சுமக்க வேண்டியிருக்கும்.

தோழர்களே! தொட்டி வைத்தபின் போராடுவது கடினம். வைக்குமுன் கேட்பது எளிது. அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் தன் தோட்டப் படத்தைக் கையோடு கொண்டுவர வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.